மணல் எதைப் பிடிக்கும், எதை விடும்

வறண்ட ஆற்றில் ஊற்று தோண்டித் தண்ணீர் எடுத்தவர்களுக்கு அது கைப்பழக்கம். முழங்கை ஆழத்துக்கு மணலை விலக்கினால் ஈரம் தட்டும். இன்னும் ஒரு சாண் போனால் கலங்கலாக நீர் சுரக்கும். முதலில் ஊறுவதைச் சிரட்டையால் மொண்டு வெளியே கொட்டிவிட வேண்டும். இரண்டாம் முறை ஊறுவதையும் கொட்ட வேண்டும். மூன்றாவதாக ஊறுவது அடியில் கிடக்கும் மணலை எண்ணிவிடலாம் போலத் தெளிந்து நிற்கும். அதைத்தான் குடத்தில் ஊற்றுவார்கள். பாலாற்றிலும் வைகையிலும் வைப்பாற்றிலும் கரையோர ஊர்கள் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் கோடையைக் கடந்தன. மணல் தண்ணீரைச் சுத்தமாக்கும் என்பது நமக்கு யாரும் பாடம் நடத்திச் சொன்னதல்ல, குடித்து அறிந்தது.

அந்த அறிவில் பிழையில்லை. மணல் சேற்றைத் தடுக்கும். மெதுவாக வடியவிட்டால் கிருமிகளில் பெரும்பங்கையும் தடுக்கும். பிரான்சின் டிஜோன் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் ஆன்றி டார்சி, மணல் நிரப்பிய குழாயில் நீரை விட்டு அளந்துதான், நிலத்தடி நீரோட்டத்துக்கு இன்றும் அடிப்படையாக நிற்கும் விதியை 1856-இல் எழுதினார். ஆனால் நீரில் கரைந்துவிட்ட உலோகத்தை இப்படி வடிகட்ட முடியாது. மணல் துகளின் விட்டம் ஒரு மில்லிமீட்டரின் இருபதில் ஒரு பங்கிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் வரை. தன்னைச் சுற்றி நீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டு போகும் ஒரு காட்மியம் அயனியின் அளவோ மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். மணல் இடுக்குகள் அதற்குத் தேரோடும் வீதிகள். மூன்றாவது சிரட்டைத் தண்ணீரின் தெளிவு, கரைந்த உலோகத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

அப்படியானால் மண்ணில் விழுகிற உலோகமெல்லாம் அடுத்த மழையிலேயே கிணற்றுக்குப் போய்விடுமா? போவதில்லை. ஏன் போவதில்லை என்ற கேள்விக்கான விடை உரத்திலிருந்துதான் தொடங்கியது. இங்கிலாந்தின் யார்க்‌ஷர் பகுதியில் ஆரி ஸ்டீஃபன் தாம்ப்சன் என்ற நிலக்கிழார், எருவின் சத்து மழையில் கரைந்தோடாமல் வயல் எப்படிக் காக்கிறது என்று அறிய 1845-இல் ஒரு சோதனை செய்தார். குழாயில் மண்ணை நிரப்பி, மேலே அம்மோனியம் சல்பேட் கரைசலை ஊற்றினார். கீழே சொட்டியதில் பெரும்பாலும் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட், இருந்தது. மண் அம்மோனியத்தை வாங்கிக்கொண்டு, தன்னிடமிருந்த கால்சியத்தைக் கொடுத்திருந்தது. ஜான் தாமஸ் வே என்ற வேதியியலாளர் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து 1850-இல் எழுதினார்: இந்தக் கொடுக்கல் வாங்கல் நடப்பது மண்ணின் களிப் பகுதியில்; மணலில் அல்ல.

வே சொன்னதை இன்று எண்களில் சொல்ல முடியும். மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் வகையில் ஒரு கிராமை எடுத்து அதன் ஏடுகளையெல்லாம் விரித்தால் 700 சதுர மீட்டருக்கும் மேல் பரப்பு கிடைக்கும். ஒரு கிராம் மணலின் பரப்பு ஒரு சதுர மீட்டரில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவது அரிது. களியின் பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது; நேர்மின்னூட்டத்தோடு வரும் ஈயம், துத்தநாகம், காட்மியம், தாமிரம் எல்லாம் அதில் ஒட்டும். அயனிகளை மாற்றிப் பிடித்துக்கொள்ளும் இந்தத் திறனை நூறு கிராம் மண்ணுக்கு இத்தனை மில்லிச்சமானம் என்று அளப்பார்கள். நல்ல களிக்கு அது 80-க்கு மேல் போகும், மட்குக்கு 200-ஐயும் தாண்டும். மணற்பாங்கான நிலத்தில் பெரும்பாலும் 5-க்குள் நின்றுவிடும். அந்தச் சிறு அளவும் மணலுடையதல்ல. மணல்மணிகளுக்கு இடையே கிடக்கும் கொஞ்சம் மட்கும், மணிகளின் மேல் துருப்போலப் படிந்திருக்கும் இரும்பு ஆக்சைடும் தருவது. மணல் நிலம் உலோகத்தைப் பிடிப்பது அந்த மெல்லிய பூச்சால்தான். ஆகவே, பூச்சு எந்தத் தண்ணீரில் நிற்கும், எந்தத் தண்ணீரில் கழன்றுபோகும் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. மண்ணில் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்ற, எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி அதற்கு அடுத்தபடிதான்.

பூச்சு கழல்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வட ஐரோப்பாவின் ஊசியிலைக் காடுகளிலும் புதர்வெளிகளிலும் ஒரு குழி வெட்டி அதன் சுவரைச் செதுக்கிவிட்டுப் பார்த்தால், மேலே மக்கிய இலையின் கருப்பு, அதற்கடியில் அடுப்புச் சாம்பல் நிறத்தில் வெளிறிய மணல், அதற்குக் கீழே திடீரென்று காப்பிக் கசடுபோல் ஒரு கரும்பட்டை, பிறகு துருநிறம், பிறகு இயல்பான மஞ்சள் மணல். ரஷ்யர்கள் இதற்குச் சாம்பலடி மண் என்ற பொருளில் 'பாட்சால்' என்று பெயர் வைத்தார்கள். அந்த வெளிறிய அடுக்கிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்து வெயிலில் காட்டினால், மணிகள் கண்ணாடித் தூள்போல் மின்னும். மேலிருந்து வடிந்த இலைச்சாற்றின் அமிலங்கள் அவற்றின் மேலிருந்த இரும்பையும் அலுமினியத்தையும் உரித்தெடுத்துக் கீழே கொண்டுபோய்விட்டன. கரும்பட்டையில் கிடப்பது அவைதான். எந்த ஆலையும் இல்லாத இடத்தில், சில ஆயிரம் ஆண்டுகளில், மழையும் இலையும் மட்டுமே செய்த வேலை. மணலிலிருந்து உலோகம் இறங்குவது இயற்கைக்குப் பழகிய வழி என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

இந்தச் சாம்பலடி மண்ணின் மேல்தான், நெதர்லாந்துக்கும் பெல்ஜியத்துக்கும் இடைப்பட்ட கெம்பென் வட்டாரத்தில், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் துத்தநாக உருக்காலைகள் எழுந்தன. விளைச்சல் குறைந்த மணல் பூமி, விலை மலிவு, ஆள் நடமாட்டம் குறைவு. நெதர்லாந்துப் பக்கம் பூடலில் 1892-இல் டோர் சகோதரர்கள் ஆலை வைத்தார்கள். பெல்ஜியப் பக்கம் லொம்மெல், ஓவர்பெல்ட், பாலென் என்று வரிசையாக வந்தன. துத்தநாகத் தாதுவோடு காட்மியம் கூடப் பிறந்தது. தாதுவைச் சூளையில் வறுத்து உருக்கும் பழைய முறையில் இரண்டும் புகையாகவும் தூசாகவும் புகைபோக்கி வழியே வெளியேறி, சுற்றுவட்டாரத்தின் மேல் படிந்தன. ஆலைக் கழிவான துத்தநாகச் சாம்பலையோ மக்கள் விரும்பிக் கேட்டு வாங்கிப் போனார்கள். மணல் பாதையில் வண்டிச் சக்கரம் புதையாமல் இருக்க அதைக் கொட்டிக் கெட்டிப்படுத்தினார்கள். வீட்டு முற்றத்திலும் பரப்பினார்கள். பூடல் ஆலை 1973-இல் மின்பகுப்பு முறைக்கு மாறியபோது புகை அடங்கியது. அதற்குள் 80 ஆண்டுப் படிவு மண்ணில் சேர்ந்திருந்தது.

லொம்மெலில் ஆலையைச் சுற்றிப் புல் பூண்டு இல்லாமல் நிலம் வெறும் மணலாகிப் போனது. மணல் அகழ்வும் சேர்ந்து, அதற்கு ஊர்மக்கள் வாயில் 'சகாரா' என்றே பெயர் நிலைத்துவிட்டது. கண்ணுக்குத் தெரிந்த சேதம் அது. தெரியாத சேதம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. காட்மியத்தையும் துத்தநாகத்தையும் பிடித்துவைக்கப் போதிய களியும் மட்கும் அங்கே இல்லை. மண் ஏற்கெனவே அமிலம். மேலாக இருந்த நிலத்தடி நீரை இரண்டும் எட்டின. 1985-க்கும் 1989-க்கும் இடையே பெல்ஜிய ஆய்வாளர்கள் நடத்திய மக்கள் நல ஆய்வில், காட்மியம் உடலில் சேர்ந்தவர்களின் சிறுநீரகச் செயல்பாட்டில் மாற்றம் தெரிந்தது. அந்த மக்களைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளிவந்த ஆய்வு, காட்மியத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் தொடர்பு காட்டியது. தூசு, காய்கறி, கிணற்று நீர் என மூன்று வழியாகவும் அது அவர்களை அடைந்தது. தண்ணீரில் காட்மியத்துக்கு உலக சுகாதார நிறுவனமும் இந்தியத் தர நிர்ணயமும் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.003 மில்லிகிராம். துத்தநாகத்துக்கு நம் தர நிர்ணயம் ஏற்கும் அளவு 5 மில்லிகிராம். ஒரே தாதுவில் பிறந்த இரண்டுக்கும் இடையே இத்தனை தூரம்.

கெம்பென் தந்த பாடங்களில் அமிலம் பற்றியது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பி.எச். மதிப்பு ஒரு புள்ளி இறங்கினால் மண் நீரில் கரைந்திருக்கும் காட்மியமும் துத்தநாகமும் பல மடங்கு கூடும். ஹைட்ரஜன் அயனிகள் மண்ணின் இருப்பிடங்களைப் பறித்துக்கொண்டு உலோகத்தை வெளியேற்றிவிடும். விவசாயி ஆண்டுதோறும் சுண்ணாம்பு போடும் வரை நிலம் உலோகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். சாகுபடியைக் கைவிட்டு அதில் மரம் நட்டால், நல்ல காரியம் என்றே எல்லோரும் சொல்வார்கள். சுண்ணாம்பு நிற்கும், இலைகள் உதிரும், மண் புளிக்கத் தொடங்கும். இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் 1880-களில் காடாக விட்ட ஒரு துண்டு நிலத்தின் மேல்மண், நூறு ஆண்டில் பி.எச். 7.1-இலிருந்து 4.2-க்கு இறங்கியது. அது களி கலந்த மண். தாங்கும் சக்தி குறைந்த மணலுக்கு அவ்வளவு காலம் தேவைப்படாது. வில்லியம் ஸ்டிக்லியானி என்ற அறிஞர் 1980-களின் இறுதியில் இந்த நிலைமைக்கு 'வேதியியல் காலவெடி' என்ற பொருள்பட ஒரு பெயர் சூட்டினார். புதிதாக ஒரு கிராம் மாசுகூடச் சேர்க்காமல், நிலத்தின் பயன்பாட்டை மட்டும் மாற்றியே, நேற்றுவரை அடங்கியிருந்த நஞ்சைக் கிணற்றில் இறக்கிவிட முடியும்.

நிலத்தில் காட்மியம் சேர ஆலைதான் வேண்டும் என்றில்லை. பாஸ்பேட் பாறையில் இயல்பாகவே காட்மியம் உண்டு, டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட் வழியாக அது வயலுக்கு வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூலை முதல், உரத்தில் உள்ள ஒரு கிலோ பாஸ்பரஸ் பென்டாக்சைடுக்கு 60 மில்லிகிராம் காட்மியம் என்று வரம்பு விதித்திருக்கிறது. அளவு சிறிதுதான். ஆனால் ஆண்டுதோறும் இடப்படுவது, எடுக்கப்படாதது.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மணலில் நீர் ஓடுகிற வேகத்தில் உலோகம் ஓடுவதில்லை. ஒட்டும், விடும், மறுபடி ஒட்டும். ஒரு கிலோ மணலில் ஒட்டியிருக்கும் உலோகம், ஒரு லிட்டர் நீரில் கரைந்திருப்பதைப்போல் பத்து மடங்கு என்று வைத்துக்கொண்டு, சாதாரண மணலின் அடர்த்தியையும் இடைவெளி அளவையும் போட்டுக் கணக்கிட்டால், உலோகம் நீரைவிட 47 மடங்கு மெதுவாக நகரும். பத்து என்பது அமிலத்தால் இரண்டரையாகக் குறைந்தால், 12 மடங்குதான் மெதுவு. அதாவது, நான்கு மடங்கு விரைவாகக் கிணற்றை நெருங்கும். அமெரிக்காவின் கேப் காட் தீபகற்பத்தில் ஒரு ராணுவத் தளத்தின் கழிவுநீரை 1936 முதல் 1995 வரை மணல் படுகைகளில் இறக்கினார்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை 1983-இலிருந்து அந்த இடத்தை விடாமல் ஆராய்கிறது. அங்கே நிலத்தடி நீர் நாளுக்கு ஏறத்தாழ 0.4 மீட்டர் நகர்கிறது. கழிவுநீரின் தடம் ஐந்து கிலோமீட்டருக்கும் மேல் நீண்டிருந்தபோது, அதோடு புறப்பட்ட துத்தநாகம் சில நூறு மீட்டரைத்தான் கடந்திருந்தது. இதைக் கேட்டு நிம்மதி அடைய எனக்கு மனம் வரவில்லை. மெதுவாகப் போவது என்றால் மெதுவாகத்தான் தீரும் என்றும் பொருள். கழிவை நிறுத்திய பிறகு அந்த மணலுக்குள் வந்தது இயற்கையான நல்ல நீர்; அந்நீர் கழிவுநீரைவிடச் சற்று அமிலத்தன்மை கூடியது. ஒட்டிக்கிடந்த துத்தநாகத்தை அதுவே தளர்த்திவிடுகிறது.

இதுவரை சொன்னதையெல்லாம் படித்துவிட்டு, சுண்ணாம்பு போட்டால் தீர்ந்தது என்று ஒருவர் முடிவுகட்டலாம். அவரை ராணிப்பேட்டைக்கு அழைத்துப் போக வேண்டும். பாலாற்றங்கரையில், சிப்காட் தொழிற்பேட்டையில், தோல் பதனிடுவதற்கான குரோமிய உப்புகளைச் செய்துவந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை சுமார் இருபது ஆண்டு இயங்கி 1990-களில் மூடப்பட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு திறந்தவெளியில் குவிந்து, அதன்பின்னும் பல பத்தாண்டுகள் மழையில் நனைந்தபடி கிடந்தது. 2006-இல் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட, உலகில் மிக அதிகமாக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் இருந்தது.

குரோமியத் தாதுவைச் சோடாச் சாம்பலோடும் சுண்ணாம்போடும் சேர்த்து வறுத்து, நீரில் கரைத்து எடுத்தபின் மிஞ்சுகிற கசடுதான் அந்தக் கழிவு. கடும் காரத்தன்மை கொண்டது. உள்ளே எஞ்சியிருக்கும் ஆறிணைதிறக் குரோமியம், காட்மியத்தைப்போல் நேர்மின்னூட்டத்தோடு வருவதில்லை. ஆக்சிஜனோடு கூடி குரோமேட் என்ற எதிர்மின்னூட்ட அயனியாக வருகிறது. களியின் பரப்பும் எதிர்மின்னூட்டம். அது குரோமேட்டைத் தள்ளிவிடும். இரும்பு ஆக்சைடுப் பூச்சு அமிலச் சூழலில் அதைக் கொஞ்சம் பிடிக்கும். காரச் சூழலிலோ பூச்சும் எதிர்மின்னூட்டம் பெற்றுக் கைவிட்டுவிடும். காட்மியத்தைக் கட்டிப்போடும் சுண்ணாம்பு குரோமேட்டுக்குக் கதவைத் திறக்கிறது. ராணிப்பேட்டையில் மேலே மணல் கலந்த மண், கீழே சிதைந்த பாறையின் வெடிப்புகள். வடகிழக்குப் பருவமழை குவியலில் இறங்கி, மஞ்சள் நீராக வெளியேறும். குரோமேட்டால் நீர் மஞ்சளாகத் தெரிய வேண்டுமென்றால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவாவது இருக்க வேண்டும். குடிநீருக்கான வரம்பு 0.05 மில்லிகிராம். கண் எச்சரிக்கிற நேரத்தில் தண்ணீர் வரம்பைப்போல் இருபது மடங்கைக் கடந்திருக்கும். வரம்பைப் பத்து மடங்கு தாண்டிய தண்ணீர் பளிங்குபோலவே இருக்கும்.

கலிபோர்னியாவின் மொஹாவே பாலையில் உள்ள ஹிங்க்லி என்ற சிற்றூருக்கும் இதே குரோமேட்தான் வந்தது. எரிவாயு நிலையம் ஒன்றின் குளிர்விப்பு நீரில் துரு பிடிக்காமலிருக்கச் சேர்த்த அதை, 1952-க்கும் 1966-க்கும் இடையே அடித்தளம் பூசாத குட்டைகளில் விட்டார்கள். மணலும் சரளையுமான நிலம் அதை நேராக நீர்தாங்கிக்குள் இறக்கியது. 1996-இல் நிலையத்தை நடத்திய நிறுவனம் 33.3 கோடி டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. துப்புரவுப் பணி இன்னும் முடியவில்லை. அங்கே பின்பற்றும் முறை கவனிக்கத்தக்கது. குரோமியம் கலந்த நீரை இறைத்துக் குதிரைமசால் வயலுக்குப் பாய்ச்சுகிறார்கள். வேர்ப்பகுதியின் மட்கும் நுண்ணுயிர்களும் ஆறிணைதிறக் குரோமியத்தை, கரையாத மூவிணைதிறக் குரோமியமாக மாற்றிவிடுகின்றன. மாசு அடர்ந்த இடத்தில் நிலத்துக்குள்ளேயே எத்தனாலைச் செலுத்துகிறார்கள். அதைத் தின்று நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தீர்க்க, குரோமியம் படிந்துவிடுகிறது. ஆனால் அதே இடத்தில் மணலில் இயல்பாக ஒட்டிக்கிடந்த மாங்கனீசும் ஆர்செனிக்கும் கரைந்து கிளம்பியதையும் அளந்து பார்த்தார்கள். ஒன்றைக் கட்டினால் இன்னொன்று அவிழ்கிறது.

அவிழ்வதன் பெருங்கதை வங்காளத்தில் இருக்கிறது. கங்கை, பிரம்மபுத்திரா கொண்டுவந்து குவித்த மணலில் இமயத்துப் பாறைகளின் ஆர்செனிக் கொஞ்சம் உண்டு. அளவில் அது அசாதாரணமானதல்ல. மணிகளின் மேலிருந்த இரும்பு ஆக்சைடுப் பூச்சில் அது ஒட்டியிருந்தது. குளத்துத் தண்ணீர் குடித்து வாந்திபேதியில் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்த வங்கதேசத்தில், 1970-களிலிருந்து யுனிசெஃப் முதலான அமைப்புகள் குழாய்க் கிணறுகளைப் பரப்பின. உயிர்காக்கும் எண்ணத்தில் செய்ததுதான், பல உயிர்களைக் காத்ததும்கூட. ஆனால் அந்த மணற்படுகைகளில் புதைந்திருந்த தாவர மிச்சங்களைத் தின்று நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தீர்த்திருந்தன. ஆக்சிஜன் தீர்ந்தபின் அவை இரும்பு ஆக்சைடை மூச்சுக்குப் பயன்படுத்துகின்றன, பூச்சு கரைகிறது, ஆர்செனிக் நீருக்குள் வருகிறது. கொல்கத்தாவின் தோல் நோய் மருத்துவர் கே. சி. சாஹா, 1983-இல் நோயாளிகளின் தோல் திட்டுகளையும் உள்ளங்கைத் தடிப்பையும் பார்த்துக் கிணற்றுநீரைச் சந்தேகித்தார். 2001-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வில் வங்கதேசத்தின் 3,534 கிணறுகளைச் சோதித்தார்கள். 150 மீட்டருக்குள் இருந்தவற்றில் 27 விழுக்காடு, அந்நாட்டு வரம்பான லிட்டருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 10 மைக்ரோகிராம்தான்.

அந்த மண்ணில் கிணறு இறக்கும் மிஸ்திரிகள் அதன்பின் ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள். குழாயில் மேலே வரும் மணலைக் கையில் ஏந்தி நிறம் பார்க்கிறார்கள். சாம்பல் நிறம் என்றால் துருப்பூச்சு கரைந்துபோன மணல். அந்த ஆழத்தில் நிறுத்தக் கூடாது. செம்மஞ்சளாக வந்தால் பூச்சு இன்னும் நிற்கிறது. அங்கே எடுக்கும் நீரில் பெரும்பாலும் ஆர்செனிக் குறைவு. ஆய்வாளர்கள் பிறகு அளந்து பார்த்தபோது இந்தக் கைக்கணிப்பு பெரிதும் பொருந்தியது. சாம்பலடி மண்ணின் வெளிறிய மணலில் அமிலம் செய்த வேலையை, இங்கே ஆக்சிஜனின்மை செய்திருக்கிறது. நிறம் இரண்டு இடத்திலும் ஒரே செய்தியைச் சொல்கிறது: பூச்சு போய்விட்டது.

அபுல் ஹுசாம் என்ற வங்கதேச வேதியியலாளர் உருவாக்கிய 'சோனோ' வடிகட்டி, இதே கணக்கைத் திருப்பிப் போட்டது. வாளியில் மணலோடு இரும்பைச் சேர்த்தார். இரும்பு துருப்பிடிக்கும், துரு ஆர்செனிக்கைப் பிடித்துக்கொள்ளும். 2007-இல் அதற்கு கிரெய்ஞ்சர் பரிசாகப் பத்து லட்சம் டாலர் கிடைத்தது. தொகையின் பெரும்பகுதியை வடிகட்டிகள் வழங்கவே அவர் செலவிட்டார்.

நம் ஊரில் தண்ணீரை எப்படிச் சோதிக்கிறோம் என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் இங்கேதான் எனக்கு ஆதங்கம் அதிகம். வீட்டுக்கு வருகிற ஆர்.ஓ. விற்பனையாளர் பேனா அளவுள்ள கருவியைத் தம்ளரில் விட்டு, "டி.டி.எஸ். எண்ணூறு காட்டுது சார்" என்கிறார். நாமும் தலையாட்டுகிறோம். கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தத்தை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் கருவி அது. 50 மைக்ரோகிராம் ஆர்செனிக் என்பது ஒரு மில்லிகிராமின் இருபதில் ஒரு பங்கு. அந்தக் கருவியின் முள் அசையாது. டி.டி.எஸ். நூறு காட்டும் இனிப்பான தண்ணீரில் காட்மியம் வரம்பு மீறியிருக்கலாம். அமில மணலில் ஊறும் நீர் உப்பில்லாமல் இனிப்பாகத்தான் இருக்கும்.

ஆய்வகத்துக்கு அனுப்பினாலும், பாட்டிலில் பிடிக்கிற விதத்தில் முடிவு மாறிவிடும். ஆக்சிஜன் இல்லாத ஆழத்திலிருந்து வரும் நீர் பிடிக்கும்போது தெளிவாக இருக்கும். மேசையில் வைத்துவிட்டுப் போய்ச் சற்று நேரம் கழித்து வந்தால் இளமஞ்சள் தட்டும். பிறகு செந்நிறத் துகள்கள் மெல்ல அடியில் படியும். காற்றுப் பட்டு இரும்பு துருவாகிறது. ஆர்செனிக்கும் அந்தத் துருவோடு ஒட்டிக் கீழே போய்விடும். மேல் நீரை மட்டும் எடுத்துச் சோதித்தால் கிணறு நல்ல கிணறு என்று சான்றிதழ் வரும். கிணற்றடியிலேயே வடிகட்டி, இரண்டு சொட்டு நைட்ரிக் அமிலம் விட்டு மூடிக் கொண்டுபோக வேண்டும் என்பது ஆய்வகத்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாலபாடம். மாதிரியைக் குடும்பத் தலைவர் பழைய குளிர்பான பாட்டிலில் கொண்டுவந்து கொடுக்கும்போது அந்தப் பாடம் காற்றில் போய்விடுகிறது.

மண் பரிசோதனையிலும் இதே குறை. மண்ணை அமிலத்தில் கொதிக்கவைத்து எல்லா உலோகத்தையும் கரைத்து, கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று ஓர் எண்ணைத் தருகிறோம். களிமண் வயலில் அந்த எண் பயமில்லாததாக இருக்கலாம். அமில மணலில் அதே எண் கிணற்றைக் கெடுக்கும். மொத்த அளவோடு பி.எச்., மட்கின் அளவு, நீர்மட்டத்தின் ஆழம், மெல்லிய உப்புக் கரைசலில் எவ்வளவு உலோகம் இளகி வருகிறது என்பது ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த நிலத்தைப் பற்றி ஏதாவது சொல்ல முடியும். நம் மண் வள அட்டையில் பி.எச். இருக்கிறது, துத்தநாகமும் தாமிரமும் பயிர்ச்சத்துகளாக இருக்கின்றன. காட்மியமும் குரோமியமும் இல்லை. தோல், மின்முலாம், மின்கல மறுசுழற்சித் தொழில்கள் நடக்கும் வட்டாரங்களிலாவது அவற்றைச் சேர்ப்பது பெரிய செலவல்ல.

கெட்ட இடத்தை மீட்க முடியுமா என்றால், சில இடங்களில் முடிந்திருக்கிறது. லொம்மெலின் மணலில் 1990-இல் மூன்று ஹெக்டேருக்கு, பெரிங்கன் நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவை எரித்துக் கிடைத்த ஒரு காரச் சாம்பலையும் மட்கு உரத்தையும் கலந்து போட்டுப் புல் விதைத்தார்கள். தரிசாகக் கிடந்த இடத்தில் புல் பிடித்தது. உலோகம் போகவில்லை, கரையாத வடிவில் நின்றது. பூடல் ஆலையோ நிலத்தடி நீரை இறைத்து, 1992 முதல் நுண்ணுயிர்களிடம் ஒப்படைத்தது. அவை நீரிலிருக்கும் சல்பேட்டைச் சல்பைடாக மாற்ற, துத்தநாகம் அதோடு சேர்ந்து படிகிறது. அந்தப் படிவு, தாது எந்த வடிவில் சுரங்கத்திலிருந்து வந்ததோ அதே துத்தநாக சல்பைடு. அதை மீண்டும் உலையிலேயே போட்டார்கள். நான் படித்த தீர்வுகளில் மனத்துக்கு நிறைவு தந்தது இது ஒன்றுதான். மாசை இன்னோர் இடத்துக்கு மாற்றாமல், பொருளாகவே திருப்பியது.

பாலாற்றுக்குத் திரும்புகிறேன். தோல் ஆலைகளின் மாசை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் ஆலை வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பயனற்றுப் போனதாகத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும், தீங்கு நிரூபணமாகும் வரை காத்திராமல் முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும் என்ற இரு கொள்கைகளும் இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த தீர்ப்பு அது. சட்டக்கல்லூரிகள் அதை இன்றும் பாடமாக வைத்திருக்கின்றன.

ராணிப்பேட்டைக்கு இப்போது தேவையானவை இவை. கழிவுக் குவியலின் மேல் மழை இறங்காதபடி நிரந்தர மூடாக்கு. நீரோட்டத்தின் கீழ்த்திசையில், வெவ்வேறு ஆழங்களில், பருவமழைக்கு முன்பும் பின்பும் மாதிரி எடுக்கும் கண்காணிப்புக் கிணறுகள். மொத்தக் குரோமியத்தோடு ஆறிணைதிறக் குரோமியத்தையும், பி.எச்., ஆக்சிஜன், இரும்பு, மாங்கனீசு, ஆர்செனிக் ஆகியவற்றையும் சேர்த்துத் தரும் அளவீடு. அந்த எண்கள் ஊராட்சி அலுவலகச் சுவரில், குடிநீர் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறதோ அந்தக் கிணற்றின் பெயரோடு, தமிழில் எழுதி ஒட்டப்பட வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை. ஹிங்க்லியில் மாசு பரவும் எல்லையை வரைபடமாகவே வெளியிடுகிறார்கள். எந்தத் தெருவரை வந்திருக்கிறது என்று அங்கிருப்பவர் பார்த்துக்கொள்ளலாம். பாலாற்று மணலில் ஊற்று தோண்டும் பெண்ணுக்கும் அந்த வரைபடம் வேண்டும்.